அந்த மட்டையின் அடியில் 34 என்று இருக்கிறதா?

கேள்வி: நான் குடும்பத்தோடு சின்சினாட்டியில் இருக்கிறேன். மகனுக்கு 13 வயது, பேஸ்பால் என்றால் உயிர். அவனால் நானும் ரெட்ஸ் அணியின் ரசிகன் ஆகிவிட்டேன். அவன் பிறந்தநாளுக்குக் கொடுக்க, ரெட்ஸின் பழைய நட்சத்திரம் பாரி லார்கின் 1995இல் ஆடிய மட்டை என்று ஓர் இணைய ஏலத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1,400 டாலர். லூயிவில் ஸ்லக்கர் கம்பெனி மட்டை, லார்கினின் கையெழுத்து மரத்திலேயே பொறித்திருக்கிறது, பிடியின் அடியில் 34 என்று முத்திரை, சுற்றிலும் பந்து பட்ட தடங்கள், பிடியில் ஒரு விரிசல். விற்பவர் சான்றிதழும் தருகிறார். உடைந்த கட்டைக்கு இவ்வளவு பணமா என்று மனைவி கேட்கிறாள். வாங்கலாமா? வாங்கினால் விரிசலை ஒட்டி, வார்னிஷ் அடித்து மாட்டலாமா?
- ச.வே., சின்சினாட்டி

பதில்:

அன்புள்ள ச.வே.,

வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பிடியின் அடிக்குமிழில் 34 என்று முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது மட்டையின் நீளம், அங்குலக் கணக்கில். கடைக்கு அனுப்பும் மட்டைகளில்தான் அப்படிப் பொறிப்பார்கள், பையனின் உயரத்துக்கு எது சரி என்று பார்த்து எடுக்க வசதியாக. தொண்ணூறுகளில் லூயிவில் ஸ்லக்கர் ஒரு பெரிய லீக் ஆட்டக்காரருக்கு அனுப்பிய மட்டை என்றால் அந்தக் குமிழில் ஒரு மாதிரி எண்ணைத்தான் எதிர்பார்க்க வேண்டும்: ஓர் எழுத்து, பக்கத்தில் சில இலக்கங்கள். சி271 என்பது மிகப் பிரபலம், ஹோசே கார்டெனால் என்பவருக்காக முதலில் கடைந்த வடிவம், அதனால்தான் 'சி'. பிரபல ஆட்டக்காரர் டெரெக் ஜீட்டர் காலமெல்லாம் ஆடியது பி72 (P72), அது பிங்க்ஹாம் என்ற ஆட்டக்காரருக்காகச் செய்த வடிவம், 2014இல் ஜீட்டர் ஓய்வு பெறும்போது அந்த எண்ணையே நிறுத்திவிட்டு டிஜே2 என்று அவர் பெயருக்கு மாற்றினார்கள். குமிழில் இப்படிப் பொறிப்பது எழுபதுகளின் நடுவில் தொடங்கியது, ஆகவே 1995 மட்டைக்கு இந்தச் சோதனை பொருந்தும்.

சரி, கையெழுத்து மரத்திலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் 1905இல் தன் கையெழுத்தை மட்டையில் பொறித்துக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து, நட்சத்திர ஆட்டக்காரரின் பெயர் பொறித்த மட்டைகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பையன்கள் வாங்கி, தெருவிலும் மைதானத்திலும் அடித்து, பரணில் போட்டு, பிறகு அப்பாவோ தாத்தாவோ வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வருகின்றன. அதில் பொய் எதுவும் இல்லை, அது ஒரு பையன் ஆசையாக ஆடிய நல்ல மட்டை. லார்கின் ஆடியது என்று சொல்லும்போதுதான் பொய் ஆகிறது. விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அடுத்தது, சுற்றிலும் பந்து பட்ட தடங்கள் என்கிறீர்கள். அதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆஷ் மரத்தில் செய்த மட்டையில் கம்பெனி முத்திரையை மேலே பார்க்கப் பிடிப்பதுதான் பழக்கம், அப்படிப் பிடித்தால்தான் பந்து மர ரேகைகளின் விளிம்பில் படும், தட்டையான முகத்தில் பட்டால் மரம் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான முறை மட்டையைப் பிடித்த கை அது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிடிக்கும். அதனால் உண்மையில் ஆடிய மட்டையில் அடி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும், சில பேர் மட்டையைத் திருப்பிப் பிடித்திருந்தால் எதிர்ப் பக்கத்திலும் இருக்கும். முத்திரைக்கு மேலேயே, சுற்றிச் சுற்றி அடி பட்டிருந்தால் அது எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியாத கைகள் ஆடியது.

நான் இதையெல்லாம் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் வாங்கிய முதல் மட்டை ஒரு கண்காட்சியில், பெரிய நட்சத்திரத்தின் பெயர், தங்க விளிம்பு போட்ட சான்றிதழ், அதில் விற்றவரின் கையெழுத்து. யார் பார்த்தார்கள், எந்த ஆட்டம், எப்படி இவர் கைக்கு வந்தது, ஒரு வரி இல்லை. மட்டையில், கை வழுக்காமல் இருக்கப் பிடியில் பூசும் தார் இல்லை, எண் இல்லை, பிடியில் சுற்றிய டேப் புதிதாக இருந்தது. கேட்கத் தோன்றவில்லை, பெயரைப் பார்த்து மயங்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது அவர் குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் பையனுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது மட்டை வேறு கதை. ஓர் அணி தன் மைதானத்திலேயே ஆட்டத்தில் உடைந்த மட்டைகளை விற்கும் கடை வைத்திருந்தது, அதில் ஒரு மாற்று ஆட்டக்காரருடையது, அவர் பெயரை இன்று யாரிடம் சொன்னாலும் யார் அது என்பார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பைன் தாரின் வாசனை, மரம் எரிந்த மாதிரி, கொஞ்சம் கசப்பாக. பிடியில் தார் கறுப்பாகக் கட்டி, அதில் அவர் கையுறையின் தையல் பதிந்திருந்தது. தடித்த பகுதியில் பிறை வடிவில் ஒரு பள்ளம், உற்றுப் பார்த்தால் பள்ளத்துக்குள் பந்தின் தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, பக்கத்தில் பந்தின் மேல் அச்சடித்த எழுத்தின் மை கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தலைகீழாக ஒட்டியிருந்தது. உடம்பில் நீளவாக்கில் நீலக் கோடுகள், அது ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் மட்டை செருகும் சட்டத்தின் பெயின்ட். குமிழில் மார்க்கரால் அவருடைய எண். அப்படி எழுதி வைத்தால்தான் வரிசையாக மட்டைகள் குமிழை நீட்டிக்கொண்டு நிற்கும்போது தன்னுடையதைச் சட்டென்று உருவ முடியும். இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போலி செய்யலாம், ஆனால் எல்லாம் சேர்ந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது கஷ்டம். லார்கினின் எண் 11, இனி அவர் மட்டை என்று யாராவது காட்டினால் அதைத் தேடுங்கள். இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம், மார்க்கர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவரே எழுதிக் கொடுக்கும் காகிதம் சான்றிதழ் ஆகாது. தொண்ணூறுகளில் போலிக் கையெழுத்துகள் அவ்வளவு பெருகி, எஃப்பிஐ பெரிய விசாரணை நடத்த வேண்டி வந்தது, அதன் பிறகு 2001இல் மேஜர் லீக் பேஸ்பாலே சொந்தமாக ஒரு முறையைக் கொண்டு வந்தது. காவல்துறையில் வேலை செய்கிற அல்லது செய்த ஒருவர் ஆட்டத்தின்போது டக்அவுட் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்ப்பார், மட்டை உடைந்தால் அதை வாங்கி எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் எந்தத் தேதி, எந்த ஆட்டம் என்று வரும், பல சமயம் எந்தப் பந்தில் என்றுகூட. வருவதை முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் கையெழுத்துப் போட்டதை மட்டும் பார்த்து ஒட்டிய ஸ்டிக்கரும் உண்டு, அது ஆட்டத்தில் ஆடியதற்குச் சாட்சி இல்லை. ஆட்டக்காரருக்காகச் செய்து அவர் தொடாமலே போன மட்டைகளும் விற்பனைக்கு வரும், விலை வித்தியாசம் பெரியது.

1995 மட்டைக்கு அந்த ஸ்டிக்கர் சாட்சி கிடைக்காது. அதற்கு வேறு வழி. லூயிவில் கம்பெனி எந்த ஆட்டக்காரருக்கு எப்போது என்ன மாதிரி, என்ன நீளம், எத்தனை அவுன்ஸ் அனுப்பியது என்று பல பத்தாண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறது. பிஎஸ்ஏ, மியர்ஸ் மாதிரியான நிறுவனங்களின் நிபுணர்கள் மட்டையை அளந்து, நிறுத்து, அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு, 10க்கு இத்தனை என்று மதிப்பெண் தருவார்கள். மரம் காய்ந்து எடை கொஞ்சம் குறையலாம், நீளம் மாறாது. அப்புறம் புகைப்பட ஒப்பீடு. மர ரேகை கைரேகை மாதிரி, ஒரு மட்டையில் இருப்பது இன்னொன்றில் இருக்காது, ஆட்டத்தின்போது எடுத்த தெளிவான படத்தில் அதே முடிச்சும் அதே கோடும் தெரிந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு ஆடிய மட்டைகளுக்கு இது சுலபம், பழையதற்குப் பொருந்துகிற படம் கிடைப்பதே அபூர்வம்.

இன்னொன்று, மட்டை எப்படிக் கை மாறியது என்ற கதை. யாங்கி ஸ்டேடியம் திறந்த நாளில், 1923 ஏப்ரல் 18 அன்று, புகழ்பெற்ற பேப் ரூத் அங்கே முதல் ஹோம் ரன் (பந்தைத் திடலைத் தாண்டி அடிப்பது) அடித்த மட்டை 2004 ஏலத்தில் 12,65,000 டாலருக்குப் போனது. ரூத் அதைத் தன் கைப்பட எழுதி லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாணவர்களுக்கான ஹோம் ரன் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்தார், ஜெயித்த பையன் அதைக் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தான். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எங்கே இருந்தது, நடுவில் ஓட்டையே இல்லை. உங்கள் ஏலக்காரரிடம் இந்தக் கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. உடைந்த கட்டை என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் இந்த விஷயத்தில் உடைந்திருப்பது குறை இல்லை. ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த மட்டையை உடையும்வரை விடமாட்டார், உடைந்த பிறகுதான் அது நம் கைக்கு வருகிறது. அதனால் விரிசலை ஒட்டாதீர்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம், ஈரத்துணிகூட வேண்டாம். அந்தத் தார், அந்த அழுக்கு, அந்த நீலக் கோடு, இவற்றுக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். ஒஹாயோ வீடுகளில் பேஸ்மென்ட் ஈரம் உங்களுக்குத் தெரியும், அங்கே வைக்காதீர்கள், ஹீட்டர் காற்று வரும் இடத்துக்கு மேலேயும் மாட்டாதீர்கள், வெயில் படாத சுவரில், தாங்கியில் மெத்தென்று துணி வைத்துக் கிடைமட்டமாக மாட்டுங்கள். வந்த அன்றே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

சரி, பையனுக்கு என்ன வாங்குவது? அவன் நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்களின் தேதியை எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டாயம் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருப்பான். அந்தத் தேதிகளில் ஒன்றில் உடைந்த ரெட்ஸ் மட்டை, ஹாலோகிராமோடு, ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நட்சத்திரம் வேண்டாம், எட்டாவதாக இறங்கும் ஆள் போதும், 1,400இல் சின்னப் பங்குதான் ஆகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அவன், மரம் தெறித்ததைப் பார்த்தவன் அவன். நான் வைத்திருக்கும் எந்த மட்டைக்கும் அந்த உறவு கிடையாது, இன்றும் எனக்கு அது ஒரு ஏக்கம்தான். வந்ததும் பிடியில் ஒரு கறுப்பு மைப்புள்ளி இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். மட்டைகள் தெறித்து ஆளைக் காயப்படுத்தியதால், 2008 சீசனுக்குப் பிறகு மேப்பிள், பர்ச் மட்டைகளின் பிடியில் ஒரு சொட்டு மை வைத்து, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்து ரேகை நேராக ஓடுகிறதா என்று சோதிக்கிறார்கள்.

ஆஷ் மட்டை கிடைத்தால் இன்னும் சந்தோஷம், ஆனால் இப்போது அபூர்வம். பாரி பாண்ட்ஸ் 2001இல் மேப்பிள் மட்டையால் 73 ஹோம் ரன் அடித்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள், அடுத்த வருடமே மிச்சிகனில் ஆஷ் மரங்களைத் தின்னும் ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள், உங்கள் ஒஹாயோவிலும் எத்தனை மரங்கள் போயின என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட எல்லா மட்டையும் அந்த மரம்தான், நினைத்தால் மனசு கனக்கிறது.

ஏதாவது வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு லூயிவில் போய் வாருங்கள், உங்களுக்கு நூறு மைல்தான். மெயின் ஸ்ட்ரீட்டில் கட்டடத்தின் மேல் 120 அடி மட்டை சாய்ந்து நிற்கும், வழி தப்பவே முடியாது. உள்ளே மட்டை கடைவதைப் பார்க்கலாம், மிக்கி மேன்டில் மாதிரியானவர்கள் உண்மையில் ஆடிய மட்டையைக் கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பார்க்க விடுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள், ஒரு முறை கையில் பிடித்தால் நான் இங்கே எழுதியது எல்லாம் விரலுக்குப் புரிந்துவிடும். ரூத்தின் 1927 மட்டை ஒன்றும் இருக்கிறது, அந்த மட்டையால் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் முத்திரையைச் சுற்றி ஒரு வெட்டு வைத்திருப்பார், மொத்தம் 21. பையனை எண்ணச் சொல்லுங்கள். சாயங்காலம் அதே ஊரில் லூயிவில் பேட்ஸ் ஆட்டம் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், அது ரெட்ஸின் கிளை அணி, நாளை சின்சினாட்டிக்கு வரப்போகும் பையன்கள் அங்கேதான் ஆடுகிறார்கள்.

பிறந்தநாள் அன்று பெட்டியை நீங்கள் முன்கூட்டிப் பிரித்துப் பார்க்காதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும். அவனே பிரிக்கட்டும், அந்தத் தார் வாசனை முதலில் அவனுக்கு வரட்டும்.