விட்ட இடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். வங்கியில் வேலை. சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புதுச்சேரி போயிருந்தபோது ஒரே நாளில் இரண்டு ஓவியக் கண்காட்சிகளைப் பார்த்தோம். முதலாவது, கடற்கரையை ஒட்டிய வீதியில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில். எல்லாமே நீர்வண்ணம். பிரெஞ்சு வீதிகள், மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக் கொடி, சைக்கிள் ரிக்‌ஷா. அப்படியே போட்டோ எடுத்தது போல இருந்தது. மனம் நிறைந்துவிட்டது. இரண்டாவது, ஆரோவில் போகும் வழியில். ஆறடி கேன்வாஸ் கித்தான்களில் அக்ரிலிக் வண்ணம். எதுவும் எதைப் போலவும் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்து என் மனைவி சிரித்துவிட்டாள். ஒன்பது வயது மகள் ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இந்த மூலையில் மட்டும் ஏன் பெயின்ட் அடிக்கவில்லை, தீர்ந்துவிட்டதா?" என்று சத்தமாகக் கேட்டு மானத்தை வாங்கினாள்.

மூன்று கேள்விகள். இந்த இரண்டு பாணிகளில் எது உயர்ந்தது? உருவம் எதுவும் இல்லாத இந்த அரூப ஓவியம் என்பது வரையத் தெரியாதவர்களின் ஏமாற்று வேலையா? மகளுக்கு ஓவியத்தில் ஆர்வம் இருக்கிறது. எந்தப் பாணியில் முதலில் பழக்குவது? இரண்டு இடங்களிலும் எடுத்த 140 படங்களை இணைத்திருக்கிறேன். ஒப்பிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

தினமும் வரும் கடிதங்களில் பாதிக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதும் அந்தப் பாதியில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு வரி என்னை உட்கார வைத்துவிட்டது. அந்த வரியும் உங்களுடையது இல்லை, உங்கள் மகளுடையது.

முதலில் உங்கள் கேள்விகளைக் கடந்துவிடுகிறேன். எது உயர்ந்தது? முதுநகர் துறைமுகத்தில் போய் வஞ்சிரம் உயர்ந்ததா மத்தி உயர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள், விலையைச் சொல்வார்கள். வேறு விடை அந்தக் கேள்விக்கு இல்லை. இரண்டாவது, ஏமாற்று வேலையா என்பது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இளமையில் நீர்வண்ண நிலக்காட்சிகளுக்காகப் பேசப்பட்டவர். கேரளத்துக் கால்வாய், தென்னை, ஈரமான வெளிச்சம் எல்லாம் உண்டு. அவரேதான் 1963 முதல் எழுத்துகளும் குறிகளுமாகக் கித்தானை நிரப்பினார். இன்னொரு ஓவியர் ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டின்போது, காந்தியைக் கறுப்பு மையில் வரிசையாக வரைந்தார். பின்னாளில் வெறும் வண்ணப் பரப்புகளுக்குப் போய்விட்டார். இவர்களுக்கா வரையத் தெரியாது? ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஆறடிக் கித்தானிலும் உண்டு, போட்டோவை வைத்து அச்செடுத்து வண்ணம் தீட்டிய மஞ்சள் சுவரிலும் உண்டு. இது போதும்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன்.

1978-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எனக்குப் பதினோரு வயது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் போர்டு மாமா. வெயிலில் சுற்றாமல் இருக்கட்டும் என்று அம்மா என்னை அவர் திண்ணைக்கு அனுப்பிவிடுவாள். டப்பா கழுவுவது, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசுவது, நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது இவைதான் என் வேலை. சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் தகரத்தில் நேர்க்கோடு விழும். அந்தச் சத்தத்துக்காகவே நான் போவேன்.

மீன்பிடி வலையும் கயிறும் விற்கும் கடைக்கு ஒரு பலகை வந்தது. எட்டடிக்கு மூன்றடி. நீலத்தில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். மாமா தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்தார். காய்ந்ததும் முழுப் பலகைக்கும் வெள்ளை எனாமல் அடித்தார். நீலம் என்று சொன்னார்களே, இவர் வெள்ளை அடிக்கிறாரே என்று எனக்குக் குழப்பம். மறுநாள் நூல் போட்டு, பென்சிலால் எழுத்துகளின் ஓரங்களை மட்டும் வரைந்துகொண்டு, பட்டைப் பிரஷ்ஷில் நீலத்தைத் தொட்டு எழுத்துகளைச் சுற்றி அடைத்துக்கொண்டே வந்தார். எழுத்தை அவர் தொடவே இல்லை. சுற்றிலும் நீலம் சேரச் சேர, நடுவில் 'வலை' தானாக எழுந்து வந்தது.

"ஏன் மாமா எழுத்தை எழுதாமல் வெளியே எழுதுகிறீர்கள்?" என்றேன்.

"நீலத்தின் மேல் வெள்ளை வைத்தால் இரண்டு கோட்டிங் போடவேண்டும். போட்டாலும் உள்ளே இருந்து நீலம் எட்டிப்பார்க்கும். விட்ட வெள்ளை வேறு, வைத்த வெள்ளை வேறு."

அவர் தத்துவம் பேசவில்லை. பெயின்ட் செலவைப் பேசினார். ஆனால் நாற்பத்துச் சொச்சம் வருடங்களாக எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் எனக்கு முதலில் கேட்பது அந்தக் குரல்தான்.

அன்று பிற்பகல் அவர் டீ குடிக்கப் போனபோது, வ-வின் சுழிக்குள்ளே இருக்கும் சிறு வட்டத்தை மட்டும் நிரப்பி வைக்கச் சொல்லி என்னிடம் சிறிய பிரஷ்ஷைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரஷ் நிறைய நீலத்தை அள்ளினேன். அது வட்டத்தைத் தாண்டி எழுத்துக்குள் வழிந்தது. பயத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒரு நாள் காய்ந்த வெள்ளை எந்த அளவுக்குத் தாங்கும்? நீலத்தோடு வெள்ளையும் வந்துவிட்டது, அடியில் செம்மண் நிறத்தில் ரெட் ஆக்சைடு பல்லைக் காட்டியது. மாமா திரும்பி வந்து பார்த்தார். அடிக்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளையை வைத்தார், காயவிட்டு மறுபடி வைத்தார். பலகை ஒரு நாள் தாமதமானது. கடைக்காரர் கூலியில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்கு டப்பா கழுவும் வேலை மட்டும்தான். பலகை மாட்டப்பட்ட பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்ப்பேன். எட்டடிப் பலகையில் அந்தச் சுழியைச் சுற்றி மட்டும் வெள்ளை கொஞ்சம் தடித்து, வேறு வெள்ளையாக நின்றது. ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

தம்பி, நீங்கள் பார்த்த இரண்டு கண்காட்சிகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை இந்தப் பலகையை வைத்துப் பாருங்கள். மஞ்சள் சுவர் புரிகிறது, ஆறடிக் கித்தான் புரியவில்லை என்கிறீர்கள். அதில் எனக்கு அக்கறை இல்லை. அந்த மஞ்சள் சுவர்மேல் அடிக்கும் வெயில் எதனால் ஆனது என்று பார்த்தீர்களா? நல்ல நீர்வண்ணக்காரர் வெள்ளை வண்ணத்தைத் தொடுவதில்லை. வெயில் விழும் இடத்தை அவர் தாளாகவே விட்டுவிடுவார். முதலில் மெல்லிய நிறம், பிறகு அடர்ந்தது என்றுதான் அவர் போக முடியும். எங்கே விடவேண்டும் என்பதை முதல் சொட்டுத் தண்ணீர் விழுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாகவே இருக்கட்டும், ஒரு முறை நிறம் ஊறிவிட்டால் பழைய வெள்ளை திரும்ப வராது. புதுச்சேரி போலக் கடற்காற்று ஈரத்தோடு அடிக்கும் ஊரில் தாள் சீக்கிரம் காயவும் காயாது. கைப்பிழை உள்ளவன் என் வ-வைப் போல வழியவிட்டு நிற்பான். இதெல்லாம் தெரிந்திருந்தும், சிலர் கடைசியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளையைத் தொட்டு ஜன்னல் கம்பியிலும் காகிதப்பூவிலும் வைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த இடம் மட்டும் தாளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் வைத்த வெள்ளை அது.

அக்ரிலிக்காரர் வழி தலைகீழ். சில நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் அவர் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரலாம், மறுபடி இருட்டுக்கும் போகலாம். டைட்டானியம் வெள்ளையைக் கத்தியால் அப்பி எதையும் மூடிவிடலாம். மனம் மாற அவருக்கு ஆயிரம் தடவை இடம் உண்டு. இப்படி எதை வேண்டுமானாலும் மூடக்கூடிய ஒருவர், ஆறடிக் கித்தானில் ஒரு மூலையை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறார். ஏன்? உங்கள் மகள் கேட்டது இதைத்தான். அந்தக் கூடத்தில் அன்று கேட்கப்பட்ட ஒரே ஓவியக் கேள்வி இதுவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அவள் வாயைப் பொத்தியிருக்கிறீர்கள்! மானம் போய்விட்டதாம். யாருடைய மானம், எங்கே போனது?

சரி, அந்த மூலையை நானே பார்த்துவிடலாம் என்று நீங்கள் அனுப்பிய படங்களைத் திறந்தேன். 140 படங்கள். இரண்டு கண்காட்சிகளிலுமாகச் சேர்த்து எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுத்திருக்கிறீர்கள். கண்ணால் பார்க்க எப்போது நேரம் கிடைத்தது? 93-ஆம் படத்தில் அந்த மூலை இருக்கிறது, உங்கள் மகளின் பின்னலும் ஓரமாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அது துணியா, துணிமேல் பூசிய வெள்ளைப் பூச்சா, கடைசியில் வைத்த பெயின்டா என்று எனக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் வண்ணமாக இருந்திருந்தால் துணியை வெறுமனே விடுவது கடினம். ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் துணியை அரித்துவிடும் என்பதால் முதலில் பூச்சு போட்டே ஆகவேண்டும். அக்ரிலிக் பச்சைத் துணிமேலேயே உட்காரும். ஆகவே அங்கே காடாத்துணி தன் பழுப்போடு தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அது வெள்ளைகூட இல்லை.

உங்கள் கைபேசி அதற்கு வழி வைக்கவில்லை. விளக்கின் மஞ்சளைக் கண்டால் அது தானாகவே திருத்திக்கொள்கிறது. தாளின் வெள்ளை, துணியின் பழுப்பு, டியூப்லைட்டில் நீலம் பாய்ந்த சுவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய் ஒரே வெள்ளையில் நிறுத்திவிட்டது. உள்ளங்கை அளவுத் தாளும் ஆறடிக் கித்தானும் ஒரே அகலத்தில் வந்து நிற்கின்றன. நீர்வண்ணக்காரர் விட்ட வெயிலும் மற்றவர் வைத்த வெள்ளையும் உங்கள் திரையில் அண்ணன் தம்பி. இவற்றை ஒப்பிடச் சொல்கிறீர்கள். எதை எதோடு ஒப்பிடுவேன்? போட்டோ எடுத்தது போல இருந்தது என்று அந்த நீர்வண்ணங்களைப் புகழ்ந்தீர்களே, போட்டோ எடுத்தபின் அவற்றில் வெயிலே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடையில் கழிக்காமல் குழந்தையைப் படம் பார்க்க அழைத்துப் போன தகப்பன் நீங்கள். அது எனக்கு மறக்கவில்லை.

விழுப்புரத்துக்கு அப்பால் பனமலை இருக்கிறது. ராஜசிம்மப் பல்லவன் எடுப்பித்த கோயில். குன்றின்மேல், சிறிய சன்னதி ஒன்றின் சுவரில் உமை நிற்கிறாள். மேலே குடை, தலையில் மகுடம், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் நிலை. சிவன் ஆடுகிறான், அவள் பார்க்கிறாள். ஆனால் ஆடும் சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டான். ஏதோ சில கோடுகளின் சுவடு, மீதி வெறும் சுண்ணாம்பு. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்குப் பிறகும் அவள் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது ஓவியன் விட்ட இடம் இல்லை, மழையும் காலமும் தின்ற இடம். தெரியும். ஆனாலும் முதல் முறை அங்கே நின்றபோது அவள் கண் போகும் திசையில் நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். குழந்தைக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளை எந்தப் பாணியில் பழக்குவது என்று கேட்டிருந்தீர்கள். மறந்தே போனேன். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, ஓவியத்தில் பட்டப் படிப்பே உண்டு. ஆனால் அதற்கு அவள் பள்ளிக்கூடத்தை முடிக்க வேண்டும், இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. அதுவரை பாணியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கோலம் போடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரோடு காலையில் வாசலில் உட்கார விடுங்கள்.

அந்தக் கண்காட்சி என்றுவரை என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் முடியவில்லை என்றால் வரும் ஞாயிறு மறுபடி போங்கள். கைபேசியை வண்டிப் பெட்டியிலேயே பூட்டிவையுங்கள். அந்த மூலையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஓவியர் அங்கே இருந்தால் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னாலும் சொல்வார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். படம் அனுப்பவேண்டாம்.