கேளுங்கள், சொல்கிறோம்: கடைசி எலி வரைக்கும்

கேள்வி: தீவுகளில் எலியை ஒழிக்க ஹெலிகாப்டரில் விஷம் தூவுகிறார்களாமே? எங்கள் அடுக்குமாடியில் மாதாமாதம் மருந்து வைத்தும் எலி குறையவில்லை. அங்கே மட்டும் எப்படி? பறவைகள் சாகாதா?
(வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: உங்கள் கட்டடத்தில் பத்து எலி செத்தால் பக்கத்துத் தெருவிலிருந்து சாக்கடை வழியாகப் பத்து வந்துவிடும். தீவைச் சுற்றிக் கடல். கடைசி எலிவரை தீர்த்துவிட்டால், பிறகு கப்பல், படகில் வருவதைத்தான் தடுக்க வேண்டும். ஆனால் சினை எலி ஒன்று தப்பினாலும் செலவெல்லாம் வீண்.

பெரும்பாலும் பயன்படுவது பிரோடிஃபாகம் என்ற எலிவிஷம். தீவனக் குருணையில் கிலோவுக்கு 20, 25 மில்லிகிராம் போதும். ரத்தத்தை உறையவிடாது, தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். தின்றதும் வயிற்றைப் பிசைகிற மருந்தென்றால் மறுமுறை எலி அதைத் தொடாது. ஹெலிகாப்டருக்கு அடியில் தொங்கும் வாளியிலிருந்து சுழல்தட்டு குருணையை வீசும். ஜிபிஎஸ் கோட்டில் பறந்து, ஒரு பட்டையின்மேல் அடுத்தது பாதி படியும்படி தூவுவார்கள். செங்குத்துப் பாறைகளுக்குக் கூடுதல் உண்டு. இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு சுற்று. முதல் சுற்றின்போது வளையில் பால் குடித்த குட்டிகள் அதற்குள் வெளியே வந்திருக்கும். இரை குறைந்த, குட்டி போடாத குளிர்காலம்தான் தோது.

பறவைகள் சாகத்தான் சாகும். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி தீவில் 2010-ல் தூவியபோது செத்த முயல், எலிகளைத் தின்ற கடல்புறாக்களும் ஸ்குவா என்ற கடற்பறவைகளும் மாண்டன. 2011-ல் முதலில் வைரஸ் பரப்பி முயல்களைக் குறைத்தார்கள்; தூவியபின் ஆள்வைத்துச் சடலங்களைப் பொறுக்கினார்கள். 2014-ல் வெற்றி அறிவிக்கப்பட்டது. தெற்கு அட்லாண்டிக்கிலுள்ள காஃப் தீவில் 2021-ல் நடந்த தூவலுக்குச் சுண்டெலிகள் தப்பிவிட்டன.

அல்சூரில் இதெல்லாம் வேண்டாம். செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். குப்பைத்தொட்டிக்கு மூடியும், குழாய்த் துளைகளுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையும் போடுங்கள்.

கேள்வி: அந்தமானில் பார்த்த புள்ளிமான்கள் அழகாக இருந்தன. அவை காட்டுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், ஜீவன்பீமா நகர்)

பதில்: ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்டவை. அங்கே புலி, சிறுத்தை கிடையாது. முளைத்த கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுவதால் பெரிய மரங்கள் நிற்கும், கீழே இளமரமே இருக்காது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் காடு செழிப்பாகவே தெரியும். மான் நீந்தும் என்பதால் ஒரு தீவில் மட்டும் பிடித்துப் பயனில்லை. கடைசியாக மிஞ்சுபவற்றைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், இசபெலா தீவில் மிஞ்சிய ஆடுகளைத் தேட, ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆட்டுக்குத் தனியே இருக்கப் பிடிக்காது. கூட்டத்தைத் தேடிப்போய்க் காட்டிக்கொடுத்துவிட்டது.

கேள்வி: குருசடைத் தீவுக்குப் போகும்போது பவளத்தை மூடும் பாசியைப் பிடுங்கிப் போடலாமா?
(வாசகி, சிவாஜிநகர்)

பதில்: கூடாது. நீங்கள் சொல்வது கப்பாபைகஸ் என்ற கடற்பாசி; அது ஒடிந்த துண்டிலிருந்தே வளரும். பிய்த்துப் போட்டால் பத்து இடத்தில் நட்டதாகிவிடும். மூழ்கிப்போய், துண்டு சிதறாமல் பையில் போட்டு, கரையில் கொண்டுவந்து காயவைக்க வேண்டும். அது வனத்துறை பார்க்கிற வேலை.