சடைநாய்க்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: கனடாவுக்குப் போன சித்தப்பா தன்னுடைய கொலி நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். கொழும்பில் ஏசி அறையில் வளர்ந்த சீவன். பெயர் சீசர், முப்பது கிலோ வரும். இந்தச் சோளக வெக்கையில் நாள் முழுக்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிணற்றடியிலேயே கிடக்கிறான். சடையை ஒட்ட வெட்டிவிடச் சொல்லிப் பக்கத்து வளவு மாமா கத்தரிக்கோலோடு நிற்கிறார். வெட்டலாமா டொக்டர்? — வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் மாமாவிடம் இருந்து கத்தரிக்கோலை வாங்கி உள்ளே வையுங்கள், தங்கச்சி. ஸ்கொட்லாந்தில் செம்மறி ஆடு மேய்த்த இனம் இது. மேலே நீண்ட முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு படை. மேல்முடிதான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மொட்டை அடித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப வளரும்போதும் அடிமுடி முந்திக்கொண்டு திட்டுத்திட்டாக வரும், சில நாய்களுக்குப் பழைய சடை வராமலே போய்விடும்.

நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் அவன் கிணற்றடியைத் தேடிப் படுப்பது சரியான புத்தி, அங்கிருந்து கலைக்காதீர்கள். விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் மட்டும் நடக்கக் கூட்டிப் போங்கள். தள்ளாடினாலோ, முரசு கடும் சிவப்பாக மாறினாலோ கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

சரி, வெட்டக்கூடாது என்றால் வேறு என்ன வேலை? சீப்புதான். மேலால் இழுத்துவிட்டுப் பளபளக்கிறது என்று விட்டுவிடுவார்கள், அடியில் முடி கம்பளம் போல இறுகிக் கிடக்கும், காற்றே போகாது. ஒரு கையால் சடையைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற இடத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, பின்தொடை, இந்த மூன்றிலும்தான் சிக்கு விழும். நாயுருவி விதை ஒட்டினால் இழுக்காதீர்கள், துளி தேங்காயெண்ணெய் தடவி விரலால் பிரித்தெடுங்கள். கால்விரல் இடுக்கையும் பாருங்கள், உண்ணி ஒளிந்திருப்பது அங்கேதான். மாரியில் நனைந்து வந்தால் அடிமுடி வரை துவட்டாமல் விடக்கூடாது, புண் வைத்துவிடும்.

கேள்வி: அதே சீசர்தான். பிள்ளைகள் முற்றத்தில் ஓடினால் சுற்றி வளைத்துக் குதிக்காலில் கவ்வுகிறான். கடிநாயா?

பதில்: கடிநாய் இல்லை, வேலை இல்லாத மேய்ப்பன். ஓடுகிற எதையும் ஒன்று சேர்ப்பது அவன் இரத்தத்திலேயே இருக்கிறது, அடித்து மாற்ற முடியாது. பிள்ளைகள் ஓடத் தொடங்கியதும் அவனைக் கூப்பிட்டு இருத்தி, இருந்தால் ஏதாவது தின்னக் கொடுங்கள். ஆடு இருந்தால் நீளக் கயிற்றில் கட்டி, பின்னேரம் பட்டிக்குத் திருப்பும்போது கூடவே நடக்கப் பழக்கலாம். ஊரார் மாட்டைக் கலைக்க மட்டும் விடாதீர்கள், மாடும் உதைக்கும், மாட்டுக்காரனும் உதைப்பான். கவ்வியதில் தோல் கீறுப்பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். விசர்நாய்க்கடி விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

கேள்வி: எங்களுடையதும் கொலிக் கலப்புத்தான். மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் ஊசிமருந்து மிச்சம் இருக்கிறது. உண்ணிக்கு நாய்க்கும் கொஞ்சம் போடலாமா? — பண்ணைக்காரர், மாங்குளம்

பதில்: போடவே வேண்டாம். மூளைக்குள் புகும் சில மருந்துகளை வெளியே தள்ளுகிற புரதம் ஒன்று உண்டு. எம்டிஆர்1 என்ற மரபணுவில் பழுது இருந்தால் அந்தப் புரதம் வேலை செய்யாது. கொலிகளில் பத்துக்கு ஏழு அளவில் இந்தப் பழுதைச் சுமக்கின்றன, கலப்புக்கும் வரலாம். 2001ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். மாட்டு ஊசிமருந்து நாய்க்கு மிகவும் செறிவானது, ஊசியில் கொஞ்சம் என்று நீங்கள் இழுப்பதே பல மடங்கு அளவாகிவிடும். வாய்நீர் வடியும், கால் பின்னும், கண் தெரியாமல் போகும், அப்புறம் மயக்கம். முறிமருந்து கிடையாது. ஊசி போட்ட மாட்டின் சாணத்திலும் மருந்து வெளியேறும், அதனால் நாய் சாணம் தின்னாமல் கட்டி வையுங்கள். வயிற்றோட்டத்துக்கு நாங்கள் போடும் லோபரமைட் குளிசையும் இவற்றுக்கு ஆபத்து. உண்ணிக்கு நாய்க்கென்று வரும் மருந்தை, கொலி இரத்தம் என்று சொல்லி, எடை போட்டு மிருக வைத்தியரிடம் வாங்குங்கள்.

கேள்வி: வெக்கைக்குக் குளத்தில் நீந்த விடலாமா? — வாசகர், துணுக்காய்

பதில்: எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. கிணற்றடியில் பெரிய பேசின் ஒன்று வையுங்கள்.