பிஷப் கால்டுவெல்: கேள்வி பதில்

கே: கால்டுவெல்தானே திருநெல்வேலியின் முதல் பிஷப்?

ப: இல்லை. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜென்டும் ஒன்றாக அபிஷேகம் பெற்றார்கள். இருவருமே சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப்புகள். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். இரண்டும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷனரி சங்கங்கள். எஸ்.பி.ஜி. சபைகள் கால்டுவெல் பொறுப்பில், சி.எம்.எஸ். சபைகள் சார்ஜென்ட் பொறுப்பில். திருநெல்வேலிக்கென்று தனித் திருமண்டலம் (பிஷப்பின் ஆட்சிப்பகுதி) உருவானது 1896இல். முதல் பிஷப் சாமுவேல் மார்லி. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே கால்டுவெல் காலமாகிவிட்டார்.

கே: ஆங்கிலிக்கன் குருவாகத்தான் இங்கே வந்தாரா?

ப: 1838இல் சென்னையில் இறங்கியபோது அவர் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மிஷனரி. அந்தச் சங்கத்தில் பிஷப் பதவியே கிடையாது. 1841இல் எஸ்.பி.ஜி.க்கு மாறி, உதகையில் சென்னை பிஷப் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்று, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி சேர்ந்தார். ஆவணம் தேடுவோருக்கு: முதல் மூன்று ஆண்டுகளுக்கு எஸ்.பி.ஜி. கோப்புகளைத் துழாவி நேரத்தைத் தொலைக்காதீர்கள். தாளில் ‘பிஷப் கால்டுவெல்’ என்றிருந்தால் அது 1877க்கு முன்பு எழுதப்பட்டதல்ல.

கே: இடையன்குடி ஆலயம்?

ப: அஸ்திவாரம் 1847, பிரதிஷ்டை 1880.

கே: திராவிட மொழிக்குடும்பத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

ப: இல்லை. 1816இலேயே சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், கேம்பல் என்பவரின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தென்மொழிகள் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று காட்டிவிட்டார்.

கே: எல்லிஸைத் தூக்கிப் பிடித்து கால்டுவெல்லைச் சிறுமைப்படுத்துகிறீர்களே!

ப: எல்லிஸ் எழுதியது ஒரு குறிப்பு. கால்டுவெல் ஒலி, வேர்ச்சொல், வேற்றுமை, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை என்று உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்று முழு நூலே எழுதினார். 1856 பதிப்பில் ஒன்பது மொழிகள். 1875 பதிப்பில் குடகு, ராஜ்மகால், ஒராவோன் மொழிகளும் சேர்ந்து பன்னிரண்டு. ‘திராவிட’ என்ற பெயரைக் குடும்பப் பெயராக நிலைக்க வைத்ததும் அவர்தான். ஆனால் சித்திய மொழிகளோடு (துருக்கி, ஃபின்னிஷ் போன்றவற்றை அன்று அப்படி அழைத்தார்கள்) அவர் போட்ட முடிச்சு இன்று நிற்காது. மேற்கோள் காட்டும்போது பதிப்பின் ஆண்டைப் போடுங்கள். அவர் இறந்தபின் வந்த 1913 பதிப்பில் பல பகுதிகளை வெட்டிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு ‘கால்டுவெல் இப்படிச் சொல்லவே இல்லை’ என்று சண்டைக்கு வராதீர்கள்.

கே: அப்படியானால் சார்ஜென்ட்தான் திருநெல்வேலியின் முதல் பிஷப்போ?

ப: அவரும் இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

கே: 1849இல் சாணார்களைப் (இன்றைய நாடார்கள்) பற்றி அவர் எழுதிய நூல்?

ப: இரண்டு வரியில் அடங்காது. தனியாகக் கேளுங்கள்.

கே: கல்லறை கொடைக்கானலிலா?

ப: இறந்தது அங்கே, 1891 ஆகஸ்ட் 28. அடக்கம் இடையன்குடி ஆலயத்துக்குள்.