நரம்பு டாக்டர் பதில்கள்: "இவர் முன்னால் இப்படி இல்லை"

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. மில்லில் கணக்கராக இருந்தவர், முப்பது வருஷம் ஒரு பைசா பிசகியதில்லை. இரண்டு வருஷமாக ஆளே மாறிவிட்டார். என் அண்ணன் இறந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தார். தெருமுனைக் கடையில் ஜாடியைத் திறந்து கடலைமிட்டாய் எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் வருகிறார். கேட்டால் "அதுக்கென்ன?" என்கிறார். ஞாபகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மாமியார் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். மகளோ, அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்று அவரோடு பேசுவதையே விட்டுவிட்டாள். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு டாக்டருக்கு வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: "ஆளே மாறிவிட்டார்." கணவரின் குணம் பற்றி எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. அவர்களில் பெரும்பாலானவர்கள் தாலி கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான்; அதற்கு மூளை மேல் பழி போட நான் தயாராக இல்லை. ஐம்பது வயது தாண்டி ஒழுங்காக இருந்த மனிதர் குணம் புரண்டு போனால் கதை வேறு. அங்கே என் சந்தேகம் முதலில் நெற்றி எலும்புக்குப் பின்னால் போகும்.

சாவு வீட்டில் எனக்கும் சிரிப்பு முட்டியிருக்கிறது. உங்களுக்கும் முட்டியிருக்கும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எழுந்து போய்விடுகிறோம். அந்தப் பொத்துகிற வேலையைப் பெரிதும் செய்வது மூளையின் முன்மடல், குறிப்பாகக் கண்குழிக்கு மேலே படிந்திருக்கும் அதன் அடிப்பகுதி. மிட்டாயைப் பார்த்தால் எடுக்கத் தோன்றுவது எல்லோருக்கும் உண்டு. "கடைக்காரர் என்ன நினைப்பார்" என்று கையைப் பிடித்து இழுப்பதும் இதே வட்டாரம்தான். இந்தப் பகுதியும், காதுக்கு மேலே உள்ள பொட்டுமடலின் முன்நுனியும் மெல்ல மெல்லச் சுருங்குகிற ஒரு நோய் இருக்கிறது. ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்று பெயர். 1892-ல் பிராக் நகரில் ஆர்னால்ட் பிக் என்ற டாக்டர் இந்த வகை நோயாளி ஒருவரை முதன்முதலில் விவரித்து எழுதினார். பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தொடங்கும். ஞாபகத்தைப் பதிய வைக்கும் பகுதி பின்னால் தள்ளி இருப்பதால் ஆரம்பத்தில் மறதி அவ்வளவாக இருக்காது. அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு இது நோய் என்றே தோன்றுவதில்லை, திமிர் என்று தோன்றுகிறது.

எனக்கே தோன்றவில்லை. பல வருஷம் முன்பு ஒரு வங்கி மேலாளரை அழைத்து வந்தார்கள். எதிலும் பிடிப்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனச்சோர்வு என்று முடிவு கட்டி மாத்திரை எழுதினேன். கதவருகே நின்ற மகள், "சார், அப்பா இப்பல்லாம் காபியில அஞ்சு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கிறார். முன்னாடி சர்க்கரையே போட மாட்டார்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "வயசானா இனிப்பு கேக்கும்மா" என்றேன். இனிப்பின் மேல் புதிதாக வரும் வெறி இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அந்தப் பெண் நோயைச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவரே மேஜை மேலிருந்த என் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டபோது எனக்கு உறைத்தது. கண்ணில் பட்ட பொருளைக் கை தானாகவே எடுத்துப் பயன்படுத்திவிடும். "இது நம்முடையதில்லை" என்று நிறுத்த ஆள் இல்லை.

அன்றைக்கு அவரிடம் கேட்டேன்: "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன அர்த்தம்?" அவர் யோசிக்காமல் சொன்னார்: "சேறா இருந்தா சறுக்கும் சார்." பழமொழியின் உள்பொருளுக்குத் தாவ முடியவில்லை. கையை முதலில் முஷ்டியாக, பிறகு விளிம்பாக, பிறகு உள்ளங்கையாக மேஜையில் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். முஷ்டியிலேயே நின்றுவிட்டார். ஆனால் காலையில் என்ன சாப்பிட்டார், இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் டாண் டாண் என்று வந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் ஊரிலிருந்து மதுரை பக்கம்தான். அங்கே அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். அவரோடு நீங்களும் உள்ளே போங்கள், ஏனென்றால் அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார், அதை மனதார நம்பியும் சொல்வார். நடந்ததையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் ஸ்கேனைவிட அது உதவும். எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதில் முதலில் பார்ப்பது முன்மடலை அழுத்தும் கட்டியோ, பழைய அடியில் கசிந்து உறைந்த ரத்தமோ இருக்கிறதா என்று. அப்படி இருந்தால் அது நல்ல செய்தி என்றே சொல்வேன். பலருக்கு அறுவை சிகிச்சையில் சரியாகும். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆரம்ப கட்டத்தில் ஸ்கேன் சுத்தமாக இருப்பதும் உண்டு. "நார்மல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டுங்கள்.

நான் சந்தேகப்படுவதுதான் என்றால் நோயைத் திருப்பும் மருந்து இன்று இல்லை. கூத்துகளைக் கொஞ்சம் அடக்க மாத்திரை உண்டு. மறதி நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டோனிபெசில் இதற்கு உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். அதைவிட அவசரம் பணம். ஏ.டி.எம். அட்டையும் பணம் அனுப்பும் போனும் உங்கள் கையில் இருக்கட்டும். மிட்டாய்க் கடைக்காரரிடம் நேரில் போய், "அண்ணே, அவருக்கு உடம்பு சரியில்லை, எடுக்கிறதை நோட்டுல எழுதி வைங்க, மாசக் கடைசியில நான் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். நிறையக் குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன. கடைக்காரர்கள் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள்.

குணசீலம் போவதைத் தடுக்க மாட்டேன். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம் என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். மகளிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மருந்து மாற்றிய பிறகு நடுக்கம் குறைந்தது. ஆனால் எட்டு மாதமாக ஆரியங்காவுக்கு பஸ் ஏறிப் போய்க் கட்டுக் கட்டாகக் கேரள லாட்டரி வாங்கிவருகிறார். வாழ்நாளில் சீட்டாட்டம்கூட ஆடாதவர். அக்காவின் நகையை அடகு வைத்துவிட்டார். இதற்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நோய்க்கு இல்லை தம்பி, மருந்துக்கு இருக்கலாம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராமிபெக்ஸோல் அல்லது ரோபினிரோல் என்று இருந்தால் இன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

மூளையின் அடித்தண்டை அதன் மேல்பகுதியில் குறுக்காக வெட்டினால் இரண்டு பக்கமும் மை தடவியதுபோல ஒரு கறுப்புக் கோடு தெரியும். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. பார்க்கின்சனில் இறந்தவரின் மூளையில் அந்தக் கோடு வெளுத்திருக்கும். கை நடுங்கத் தொடங்கும்போதே அந்தச் செல்களில் பாதியளவு போயிருக்கும். குறைந்த டோபமினுக்குப் பதிலாக அதைப் போலவே நடிக்கும் மருந்தைக் கொடுக்கிறோம். நடிகர் தன் காட்சியோடு நிற்பதில்லை. கை கால் அசைவுக்கான பாதை டோபமின் இல்லாமல் காய்ந்து கிடக்க, "இன்னொன்று, இன்னொன்று" என்று தூண்டும் பாதை பல நோயாளிகளில் ஓரளவு நன்றாகவே இருக்கும். அங்கே போய் இந்த மருந்து வெள்ளமாகக் கொட்டுகிறது. சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, தின்றுகொண்டே இருப்பது, வெளியே சொல்லக் கூசும் காம இச்சை – இவை வரலாம். 2010-ல் வெளியான பெரிய ஆய்வில் 3,090 நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இதில் ஏதாவது ஒன்று இருந்தது.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடம்பு கட்டைபோல இறுகிவிடும், மனமும் தவித்துப்போகும். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவார். பலருக்கு இந்த வெறி தணிந்துவிடுகிறது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் மருந்து மாற்றிய பிறகு தன் லாட்டரிச் சீட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு "இதையெல்லாம் எந்தப் பைத்தியக்காரன் வாங்கினான்?" என்று மனைவியிடம் கேட்டாராம். நகையை மீட்பது உங்கள் பாடு. அப்பாவைத் திட்டாதீர்கள். மருந்து எழுதும்போதே இதைச் சொல்லி எச்சரிக்க வேண்டியது டாக்டர் வேலை. கூட்ட நேரத்தில் நானும் சொல்லாமல் விட்டதுண்டு.

கேள்வி: எங்கள் ஊரில் "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" வகுப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் புத்தகம் படிக்கிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய். சேர்க்கலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: நடுமூளை என்பது மேலே தென்காசிக்காரருக்குச் சொன்ன அந்தக் கறுப்புக் கோடு இருக்கும் இடம்தான். சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். உங்கள் குழந்தைக்கு அது பிறந்ததிலிருந்து வேலை செய்துகொண்டே இருக்கிறது. செய்யாவிட்டால் குழந்தை கோமாவில் கிடக்கும். கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் படிக்கிறார்கள். புத்தகத்தை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், படிப்பு நின்றுவிடும். வருத்தம் என்னவென்றால், பத்து வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லக் காசு கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோம்.

கேள்வி: நாம் மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மீதி 90-ல் ஒரு பட்டாணி அளவு இடத்தில் ரத்தக்குழாய் அடைத்தவர்களை வார்டில் வந்து பாருங்கள்.

கேள்வி: ஸ்கேனில் மூளை எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்து ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடலாமாமே?
– சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

பதில்: "எரிகிறது" என்பதே கம்ப்யூட்டர் பூசும் வர்ணம். ஒரு பகுதி வேலை செய்தால் சில நொடி கழித்து அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் கூடுதலாக வரும்; எஃப்.எம்.ஆர்.ஐ. என்கிற இந்த ஸ்கேன் அளப்பது அந்த ரத்தத்தைத்தான், எண்ணத்தை இல்லை. 2009-ல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் படுக்கவைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று அதைக் கேட்டார்கள். நிஜமாகத்தான். மீன் மூளையில் ஒரு புள்ளி சிவப்பாக "எரிந்தது." மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால், தற்செயலாகவே சில கட்டங்கள் சிவக்கும். அதற்கான திருத்தக் கணக்கைப் போடாமல் விட்டால் செத்த மீனும் சிந்திக்கும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள்.

சட்டம் படிக்கிறீர்கள் என்பதால்: செல்வி எதிர் கர்நாடக மாநிலம், 2010 மே 5. சம்மதம் இல்லாமல் யாருக்கும் மூளை வரைபடச் சோதனையோ உண்மை அறியும் மருந்தோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், விஞ்ஞானத்தையும் நிதானமாகவே அலசியிருக்கிறார்கள்.

கேள்வி: தலையில் கம்பி பாய்ந்து குணம் மாறிய கேஜ் கதை உண்மையா?
– ஒரு கல்லூரி மாணவி, திருவள்ளூர்

பதில்: கம்பி உண்மை. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் வேலை. வெடிமருந்தை இடிக்கும் மூன்றே முக்கால் அடிக்குச் சற்றே குறைந்த, ஆறு கிலோ கம்பி, ஃபினியஸ் கேஜின் இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாகப் போயிற்று. வயது 25. ஆள் பிழைத்தார். வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ, அவர் நண்பர்களுக்கு "பழைய கேஜாக" இல்லை என்று எழுதினார்.

பிற்பாதியில்தான் பாடப்புத்தகங்கள் உப்பு காரம் சேர்த்துவிட்டன, குடிகாரன், நாடோடி என்றெல்லாம். சிலி நாட்டில் ஏழு வருஷம்போலக் குதிரைகள் பூட்டிய பயணி வண்டி ஓட்டினார் அவர். விடியலில் எழுந்து, குதிரைகளைத் தயார் செய்து, பயணிகளை ஏற்றி, கரடுமுரடான பாதையில் அத்தனை கடிவாளங்களையும் கையில் பிடித்து ஓட்டுவது முன்மடல் மொத்தமாகப் போனவனால் ஆகாது. ஓரளவு மீண்டிருக்க வேண்டும். 1860-ல் வலிப்பு வந்து இறந்தார். மூளையை யாரும் பார்க்கவில்லை. பின்னால் தோண்டியெடுத்த மண்டையோடு ஹார்வர்டில் இருக்கிறது. எந்தப் பகுதி போயிற்று என்பதெல்லாம் அந்த ஓட்டைகளை வைத்துப் போட்ட கணக்கு.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு. நீங்கள் மூளையைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? எப்படி இருக்கும்?
– ஒரு மாணவி, பட்டுக்கோட்டை

பதில்: பிடித்திருக்கிறேன் பாப்பா. புதிதாக எடுத்தது மேஜையில் வைத்தால் தன் கனத்திலேயே தளர்ந்து பரவும், விரல் பட்டால் குழியும். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபார்மலினில் சில வாரம் ஊறிய பிறகுதான் பனீர்போலக் கெட்டிப்படும், கத்தியால் வில்லை வில்லையாக வெட்டலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது, பொதுமக்களும் பார்க்கலாம். உங்கள் விலங்கியல் டீச்சரிடம் சொல்லி ஏற்பாடு செய்யச் சொல். ஃபார்மலின் வாடை மூக்கிலேயே நிற்கும். மத்தியானச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டுப் போ.