மொழித்துறையை மூடினால் என்ன?

கேள்வி: கைபேசியே நொடியில் மொழிபெயர்த்துவிடுகிறது. மாணவர்களும் வருவதில்லை. பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழித் துறைகளை ஏன் இன்னும் கட்டிக் காக்க வேண்டும்?

பதில்: மாணவர்கள் வருவதில்லை என்பது பாதி உண்மைதான். அமெரிக்காவில் மொழி, இலக்கிய ஆசிரியர்களின் அமைப்பான நவீன மொழிச் சங்கம், கல்லூரிகளில் மொழி படிப்பவர்களை 1958 முதல் கணக்கெடுத்து வருகிறது. 2016-க்கும் 2021-க்கும் இடையில் அங்கே ஆங்கிலம் அல்லாத மொழிகளில் சேர்ந்தவர்கள் 16.6 சதவீதம் குறைந்தார்கள். அதே காலத்தில் கொரிய மொழி படிக்க வந்தவர்கள் 38 சதவீதம் கூடினார்கள். ஆசை எங்கேயும் போய்விடவில்லை.

இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்று 2004-இல் ஆக்கினார்கள். மடையை அடைத்துவிட்டு, வயல் காய்கிறதே என்று பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது நியாயமா?

சரி, கைபேசிக்கு வருவோம். வழி கேட்கவும் உணவுப் பட்டியல் படிக்கவும் அது போதும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் படிவத்தையோ நீதிமன்ற வாக்குமூலத்தையோ அது தப்பாகப் பெயர்த்தால், தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவரை எந்தக் கருவியும் உருவாக்கித் தராது.

மூடுவது சுலபம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் 2023-இல் அயல்மொழிப் பட்டப்படிப்புகளை நிறுத்த முடிவெடுத்தது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து போராடியும் முடிவு மாறவில்லை. இப்படி ஒரு துறை போனால் ஆசிரியர்கள் வேறு ஊர் போய்விடுவார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இருந்த மாணவர் பரிமாற்றம் அறுந்துவிடும். அப்புறம் பள்ளிக்கு மொழி ஆசிரியர் எங்கிருந்து வருவார்? ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாணவர் எப்படி வருவார்?

மொழித்துறையினர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆபத்து வந்த பிறகுதான் வாய் திறக்கிறார்கள். அதையும் பிரெஞ்சுக்காரர் தனியாக, ஜெர்மன்காரர் தனியாகப் பேசுகிறார்கள். இலக்கியப் பெருமை மட்டும் சொன்னால் நிதிக்குழு கேட்காது. எல்லா மொழிகளும் ஒரே குரலில் பேச வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல் வகுப்புகளுக்கு நேரில் போய், உங்கள் படிப்போடு ஒரு மொழியும் சேர்த்துப் படியுங்கள் என்று அழைக்க வேண்டும்.

மாணவர்கள் வருவதில்லை என்று உங்களிடம் சொன்ன நிர்வாகத்திடம் ஒன்று கேளுங்கள்: அந்த மாணவர்களின் கால அட்டவணையில் மொழிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருந்தீர்களா?