எஸ்.சி. சான்றிதழ் மறுப்பு: ஏற்காடு நண்பருக்கு மட்டும் எப்படி?

தம்பி, அப்பா ஞானஸ்நானம் வாங்கியதால் உங்களுக்கு பி.சி. சான்றிதழ்தான் என்று சேலம் தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சர்ச்சுக்குப் போகும் ஏற்காட்டு மலையாளி (அந்த மலையின் பழங்குடி, கேரளக்காரர் அல்ல) நண்பர் மட்டும் எஸ்.டி.யாகவே இருக்கிறார், இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள்.

நியாயமே இல்லை. ஆனால் ஆபீஸில் சொன்னது சட்டப்படி சரி. எஸ்.சி. பட்டியலை வகுத்த 1950 ஜனாதிபதி ஆணையின் 3வது பத்தி இந்துக்களை மட்டுமே எஸ்.சி. என்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் மத நிபந்தனையே கிடையாது.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பதெல்லாம் காகிதத்தில்தான். குடியிருப்பது அதே தெரு, ஊர் கூப்பிடுவது அதே பேர் சொல்லி. சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிறது. அந்தப் பழி சபைகளுக்கும் சேரும். மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே எஸ்.சி.க்கான மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023ல் நம் சட்டமன்றமும் மதம் மாறிய கிறிஸ்தவரை எஸ்.சி.யில் சேர்க்கக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

'தாய்மதம் திரும்பிட்டேன்னு எழுதிக் குடு' என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் அப்படிச் சொல்வது மோசடி என்று 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பி.சி. சான்றிதழில் எஸ்.சி.யிலிருந்து மதம் மாறியவர் என்ற விவரம் இருக்கிறதா பாருங்கள். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு. கல்லூரி ஆபீஸில் இதே வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.